படகும் குதிரைத்திறனும்

சோழநாடு என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது நெல். காவிரியும் அதன் கிளையாறுகளும் பாய்ந்து வளம் செய்யும் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். ஆனால் அந்தச் சமவெளிக்குக் கிழக்கே ஓர் ஓரம் உண்டு. கொள்ளிடம் கடலோடு கலக்கும் இடத்தில் தொடங்கி, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வழியாகக் கோடியக்கரை வரை தெற்கு நோக்கி ஓடி, அங்கே சட்டென்று மேற்கே திரும்பி, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று நீளும் கடற்கரை அது. 1991-ஆம் ஆண்டு நாகை தனி மாவட்டமாகப் பிரியும் வரையில், காரைக்கால் நீங்கலாக இக்கரை முழுவதும் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்ததே. இன்றும் மல்லிப்பட்டினமும் சேதுபாவாசத்திரமும் தஞ்சை மாவட்டத்து ஊர்களே. நெல்லைப் பற்றிப் பேசுவோர் பலர் இருப்பதால், நான் இன்று இந்த ஓரத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. அன்று மரக்கலம் குதிரையைச் சுமந்து வந்தது. இன்று அதே கடற்கரையில் படகுகளைக் கடலுக்குள் கொண்டு செல்வதும் குதிரைதான் என்று சொல்லலாம். ஆனால் அது எஞ்சினின் தகட்டில் எண்ணாகப் பொறிக்கப்பட்ட குதிரை. பத்துக் குதிரைத்திறன், அறுபது குதிரைத்திறன், நூற்றிருபது குதிரைத்திறன் என்று அந்த எண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு படகுக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பது கணக்குப் புத்தகத்தில் வரும் கேள்விபோலத் தோன்றும். உண்மையில், கடந்த எழுபது ஆண்டுகளில் இக்கரையோர மக்களின் வருவாயையும் கடனையும், உறவையும் பகையையும், கடலின் வளத்தையும் இந்த ஒரு கேள்விக்கான விடைகளே பெரிதும் தீர்மானித்திருக்கின்றன. பொறியியல் மாணவர்களுக்கு எஞ்சின் பாடம் சொல்லிவருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியின் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் எடுத்துரைக்கிறேன்.

முதலில், குதிரைத்திறன் என்னும் சொல் எங்கிருந்து வந்தது? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜேம்ஸ் வாட் தம்முடைய நீராவி எஞ்சின்களை விற்க முனைந்தபோது, வாங்குவோர் அவரிடம் ஒரு நேரான கேள்வியைக் கேட்டனர்: 'இந்த இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும்?' அந்நாளில் இங்கிலாந்தில் ஆலைகளையும் சுரங்க நீரிறைப்பையும் குதிரைகளே இயக்கின. எனவே வாட் குதிரையின் வேலையை அளந்து ஓர் அளவை வகுத்தார். 550 பவுண்டு எடையை ஒரு நொடியில் ஓர் அடி உயரம் தூக்கும் வேகமே ஒரு குதிரைத்திறன். அது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 746 வாட். சாதாரணக் குதிரை நாள் முழுவதும் இந்த அளவில் உழைக்க இயலாது. வாங்குபவர் ஏமாந்துவிடாதபடி வாட் சற்றுத் தாராளமாகவே அளந்திருக்கிறார். ஆகவே இந்த அளவை பிறந்ததே ஒரு வாணிகத்தில். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே எழுந்த பேச்சில். இதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இன்றும் எஞ்சினின் எண்ணைப் படிக்கும்போது, அது யார் எந்த நிலையில் அளந்த எண் என்று கேட்பது அவசியமாகிறது.

நம் டெல்டாவின் உழவர் இதனைத் தம் வழியில் அறிவார். ஒரு சோடி உழவு மாடு தொடர்ந்து தரக்கூடிய திறன் சுமாராக ஒரு குதிரைத்திறனோ அதற்குச் சற்றுக் குறைவோ ஆகும். ஆனால் மாடு வாங்கச் செல்லும் உழவர், 'எது மிகப் பலமுள்ள மாடு?' என்று மட்டும் கேட்பதில்லை. வண்டிக்கா, சேற்றுழவுக்கா என்று முதலில் எண்ணிப் பார்க்கிறார். தீவனத்துக்கு வைக்கோல் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுகிறார். சேற்றில் கால் புதையும் கனத்த மாடு, வறண்ட மேட்டில் எவ்வளவு இழுத்தாலும் நன்செய்க்கு உதவாது. வேலை, நிலம், தீவனம் என்னும் இந்த மூன்று கேள்விகளும் அப்படியே கடலுக்கும் பொருந்தும்.

நீராவிக்கு அடுத்து வந்தவர் ருடால்ஃப் டீசல். 1858-இல் பாரிஸ் நகரில் பிறந்த இந்த ஜெர்மானியர், காற்றை மிகவும் இறுக்கினால் அது சூடேறி, தீப்பொறி இல்லாமலே எண்ணெயைப் பற்றவைத்துவிடும் என்ற கருத்தின்மேல் தம் எஞ்சினை அமைத்தார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட அவருடைய எஞ்சின் சுமார் 20 குதிரைத்திறன் உடையது. எண்ணெயில் அடங்கிய வெப்பத்தில் கால் பங்குக்கு மேல் அது வேலையாக மாற்றிற்று. அக்கால நீராவி எஞ்சின்கள் பலவும் பத்தில் ஒரு பங்கைக்கூட அரிதாகவே மாற்றின. கடலுக்கு இது மிகவும் பொருத்தமானது. கொதிகலன் வேண்டியதில்லை, நிலக்கரி அள்ளிப்போட ஆள் வேண்டியதில்லை, டீசல் எண்ணெய் பெட்ரோலைப் போலச் சட்டென்று தீப்பிடிப்பதுமில்லை.

பெருங்கடலில் டீசலின் ஆற்றலை உலகுக்குக் காட்டிய கப்பல் 1912-இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட 'செலாண்டியா'. ஒவ்வொன்றும் 1,250 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்களோடு அது கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் நகருக்குச் சென்றது. இதே டேனியர் 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடியைத் தம் வசம் வைத்திருந்தவர்கள். அப்போது அவர்களுடைய கப்பல்கள் பாய்விரித்துக் காற்றுக்குக் காத்திருந்தே இக்கரைக்கு வந்தன. தரங்கம்பாடியை விற்று அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், காற்றைப் பாராத கப்பலை அவர்கள் கீழ்த்திசைக்கு அனுப்பினர்.

ஆனால் தரங்கம்பாடி மீனவர் அப்போதும், அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளும், காற்றையே நம்பியிருந்தனர். கட்டுமரமும் வள்ளமும் அவர்களுடைய கலங்கள். விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றில் பாய்விரித்துச் செல்வார்கள். பிற்பகலில் கடலிலிருந்து நிலம்நோக்கி வீசும் காற்றில் கரை திரும்புவார்கள். அந்தக் காற்றுக்கு விலை இல்லை, கடன் இல்லை. ஆனால் காற்று தவறினால் பிடித்த மீன் கரை சேருமுன் கெட்டுவிடும். எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுத் தோள் ஓய்ந்துவிடும். ஆகவே எஞ்சினை மீனவர்மேல் யாரோ திணித்தார்கள் என்று சொல்வது பொருந்தாது. அதற்கான தேவை அவர்களுடைய தோள்களிலேயே இருந்தது.

இந்தியாவில் மீன்பிடி படகுகளை எஞ்சின்மயமாக்கும் முயற்சியில் பெரிதும் பேசப்படுவது இந்திய-நார்வே திட்டம். 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரையில் மறு ஆண்டு வேலை தொடங்கியது. அங்கே அவர்கள் கற்ற முதற்பாடம், இருக்கும் படகில் எஞ்சினைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்துவிடாது என்பது. துடுப்புக்கும் பாய்க்கும் என்று அமைந்த தோணிகள் எஞ்சினின் அதிர்வைத் தாங்கவில்லை. எனவே எஞ்சினுக்கேற்ற புதிய படகை வரைய வேண்டியதாயிற்று. சுமார் 25 அடி நீளமும், பத்துக் குதிரைத்திறன் அளவில் எஞ்சினும் கொண்ட படகுகள் அவ்வாறு உருவாயின. அடுத்த பாடம் கரையைப் பற்றியது. அத்தகைய படகை அலை உடையும் மணற்கரையில் இழுத்து ஏற்ற முடியாது. ஆற்று முகத்துவாரமோ துறைமுகமோ வேண்டும். எஞ்சினின் எண்ணைத் தேர்ந்தெடுத்தவர்கள், தம்மை அறியாமலே ஊரையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முகத்துவாரம் உள்ள ஊர் வளர்ந்தது. வெறும் மணற்கரை உள்ள ஊர் பின்தங்கியது.

நம் கரையிலும் இதே நிலைதான். ஐந்தாண்டுத் திட்டங்களின்கீழ் அன்றைய சென்னை மாநில அரசு, மானியமும் தவணையும் கொடுத்து விசைப்படகுகளை மீனவர்களுக்கு வழங்கலாயிற்று. 'பாப்லோ' என்ற பெயரால் அறியப்பட்ட சிறு விசைப்படகுகள் அக்காலத்தில் இக்கரைக்கு வந்தவையே. கடுவையாற்று முகத்துவாரம் நாகப்பட்டினத்துக்கு இயற்கையான துறையைக் கொடுத்தது. அலை குறைந்த பாக் நீரிணைக் கரையோ மல்லிப்பட்டினத்துக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் உதவிற்று. 1957-இல் கொச்சியில் அமைந்த மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் படகுகளின் உருவையும் எஞ்சினையும் பற்றி முறையாக ஆராயத் தொடங்கிற்று. 1946-இல் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் போன்ற நிறுவனங்கள் எஞ்சின்களை உள்நாட்டிலேயே செய்தன. டெல்டாவின் வாய்க்கால் கரையில் நீரிறைத்த ஐந்து குதிரைத்திறன் ஆயில் எஞ்சினும், கடலில் படகைத் தள்ளிய எஞ்சினும் ஒரே தலைமுறையில் நம் ஊர்களுக்கு வந்த உடன்பிறப்புகள் எனலாம்.

பின்னர் இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைத்தது. இறால் கடலின் அடித்தரையில் வாழ்வது. அதைப் பிடிக்க, இழுவலையைத் தரையோடு இழுத்துச் செல்லவேண்டும். பத்துக் குதிரைத்திறன் அதற்குப் போதவில்லை. எழுபதுகளில் முப்பத்திரண்டு அடிப் படகுகளும், அவற்றுக்கேற்ற பெரிய எஞ்சின்களும் பெருகின. அதற்குப்பின் நாற்பது, ஐம்பது அடிப் படகுகளில் நூறு குதிரைத்திறன் வரை ஏறிற்று. எண்ணூரில் செய்யப்பட்ட லேலண்ட் எஞ்சின் நம் கரையெங்கும் பழகிய பெயராயிற்று.

இந்த ஏற்றத்தைச் சரியாக எடைபோட வேண்டுமானால், நாம் கொஞ்சம் கணக்குக்குள் நுழைய வேண்டும். மாணவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. வர்க்கமூலம் தெரிந்தால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், டார்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதித்தார். படகு நீரில் செல்லும்போது தன் முன்புறத்தில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீள்கிறது. அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகும்போது, படகு தான் எழுப்பிய அலையின் பள்ளத்தில் தானே சிக்கிக்கொள்கிறது. அதன்பின் எவ்வளவு தள்ளினாலும், மேட்டில் ஏற முயலும் பாரவண்டி போலத் திணறுமேயன்றி விரைந்து செல்லாது. படகின் நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் இந்த எல்லை வேகம் கடல் மைல் கணக்கில் கிடைக்கும். நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு மணிக்கு 6.7 கடல் மைல். 36 அடிப் படகுக்கு 8 கடல் மைல். கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இன்னொரு விதியும் உண்டு. இந்த எல்லைக்கு உட்பட்ட வேகங்களில்கூட, தேவைப்படும் திறன் வேகத்தின் கனத்தை ஒட்டிச் சுமாராக ஏறுகிறது. வேகத்தை இரட்டிக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். திறனை இரட்டித்தால் வேகம் கால் பங்கே கூடும்.

கணக்குக்காக ஒரு படகை எடுத்துக்கொள்வோம். நீர்மட்ட நீளம் 25 அடி. எட்டுக் குதிரைத்திறனில் மணிக்கு 5 கடல் மைல் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீன் கிடைக்கும் இடம் பத்துக் கடல் மைல் தொலைவில். போய்வர நான்கு மணி நேரம். சிறு டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் கால் லிட்டர் அளவுக்கு எண்ணெய் குடிக்கும் என்று கொண்டால், எட்டு லிட்டர் செலவு. எஞ்சினைப் பதினாறு குதிரைத்திறன் ஆக்குவோம். வேகம் 6.3 ஆகிறது, போய்வர மூன்று மணி பத்து நிமிடம், எண்ணெய் ஏறக்குறைய 12.7 லிட்டர். ஐம்பது நிமிடம் மிச்சம். சில நாட்களில் இது இலாபமாகவும் இருக்கலாம். மேலும் இரட்டித்து முப்பத்திரண்டாக்குவோம். படகு தன் எல்லையான 6.7-இல் முட்டி நின்றுவிடுகிறது. போய்வர மூன்று மணி. எண்ணெய் சுமார் 24 லிட்டர். எட்டிலிருந்து பதினாறுக்கு ஏறியபோது ஐம்பது நிமிடம் மிஞ்சிற்று. பதினாறிலிருந்து முப்பத்திரண்டுக்கு ஏறியபோது பத்து நிமிடமே மிஞ்சிற்று. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பதினொரு லிட்டர் எண்ணெய் விலையாயிற்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஏலத்தில் முதலில் வந்த மீனுக்கே விலை அதிகம்; புயல் வரும்போது விரைந்து கரை சேர்வது உயிரைக் காக்கும். உண்மைதான். எஞ்சினில் கொஞ்சம் கையிருப்புத் திறன் இருப்பது விவேகமே. எதிர்க்காற்றிலும் நீரோட்டத்திலும் அது உதவும். ஆனால் கையிருப்பு வேறு, அன்றாடம் முழுத்திறனில் ஓட்டுவது வேறு. பெரிய எஞ்சினை வாங்கிவிட்டவர் அதை மெதுவாக ஓட்டுவார் என்பது அரிது. அப்படியே ஓட்டினாலும், டீசல் எஞ்சின் நெடுநேரம் மிகக் குறைந்த சுமையில் ஓடினால் கரி படிந்து, உருளையின் உட்சுவர் வழவழப்பேறி, எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிடும். தன் திறனில் முக்கால் பங்குக்கும் ஐந்தில் நான்கு பங்குக்கும் இடையே உழைக்கும் எஞ்சினே நெடுங்காலம் வாழும்.

இழுவலைப் படகின் கணக்கு வேறு. அதற்கு வேண்டுவது வேகம் அன்று, இழுவிசை. வலையை இழுக்கும்போது படகு மணிக்கு இரண்டு, மூன்று கடல் மைலே செல்கிறது. ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் பத்து முதல் பதினைந்து கிலோ இழுவிசை கிடைக்கும். அதில் பத்தா பதினைந்தா என்பதைத் தீர்மானிப்பது எஞ்சின் அன்று. புரொப்பெல்லர் எனப்படும் உந்து விசிறி. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றால் நீரை நன்கு பற்றித் தள்ளும். சிறிய விசிறி விரைந்து சுழன்றால் நீரைக் கடைந்து நுரையாக்கும். ஆகவே நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுழலும் எஞ்சினுக்கும் விசிறிக்கும் இடையே, சுற்றைக் குறைக்கும் கியர் பெட்டி வைக்கிறார்கள். நல்ல கியரும் சரியான விசிறியும் கொண்ட அறுபது குதிரைத்திறன், பொருந்தாத விசிறி கொண்ட தொண்ணூறு குதிரைத்திறனோடு போட்டியிட வல்லது. எண் பெரிதாக எழுதப்பட்ட எஞ்சின் விளம்பரத்தில் விசிறியைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை.

அந்த எண்ணைப் பற்றியும் ஒரு சொல். எஞ்சினின் தகட்டில் உள்ள குதிரைத்திறன் எவ்வளவு நேரத்துக்கு உரியது? பழைய பிரிட்டிஷ் தரவிதி ஒன்று, பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறனையே எஞ்சினின் திறனாகக் கொண்டது. அதற்குமேல் பத்து விழுக்காட்டைப் பன்னிரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் மட்டுமே தர வேண்டும் என்றது. லாரி எஞ்சினின் எண்ணோ, மேட்டில் ஏறும் சிறிது நேரத்துக்கான உச்சம். லாரிக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. படகுக்குப் பள்ளமே இல்லை. கடலில் அது நாள்முழுதும் மேடேறிக்கொண்டே இருக்கிறது. எனவே லாரிக்கான எஞ்சினைப் படகுக்கு மாற்றும்போது எண்ணைக் குறைத்தே மதிப்பிட வேண்டும். குளிர்நாட்டில் அளந்த எண் நம் சித்திரை வெயிலில் சற்றுக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெப்பக் காற்றில் உயிர்வளி செறிவாக இருப்பதில்லை. அதனால் எரியும் எண்ணெயும் குறையும். வாட் காலத்திலிருந்தே இந்த எண் வாணிகத்தில் பிறந்த எண் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதைப் படிக்கத் தெரிந்தவனே அதை வாங்கலாம்.

வேலையையும் தீவனத்தையும் பார்த்தோம். இனி நிலம், அதாவது கரை. நாகைக்கு வடக்கே திறந்த மணற்கரை; அலை உடைந்து வீசும். அங்கே கலத்தைக் கரையில் ஏற்றியாக வேண்டும். கோடியக்கரைக்கு மேற்கே பாக் நீரிணையோ ஆழம் குறைந்த சேற்றுக் கடல். பெரிய விசிறி தரையைத் தொடும். எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சும் நீரோடு சேறும் ஏறும். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட வங்காள விரிகுடாத் திட்டம் இந்த மணற்கரைச் சிக்கலைக் கையிலெடுத்தது. நார்வேயைச் சேர்ந்த படகு வடிவமைப்பாளர் குல்பிரான்சென் முதலியோர், பத்துக் குதிரைத்திறனுக்குட்பட்ட சிறு டீசல் எஞ்சினைத் தண்டோடும் விசிறியோடும் ஒருசேர மேலே தூக்கிக்கொள்ளும்படி ஒரு பெட்டிக்குள் அமைத்தனர். கரை நெருங்கும்போது விசிறி தரையில் மோதாமல் மேலெழும். நீண்டகரையில் ஊரை எஞ்சினுக்கேற்ப மாற்றினார்கள் என்றால், இங்கே எஞ்சினை ஊருக்கேற்ப மாற்ற முயன்றார்கள். 1986-இல் அவர் சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைப்பது பற்றி எழுதிய ஏட்டின் சாரம் எளியது: வேகத்தைச் சற்றுக் குறையுங்கள்; எஞ்சினைச் சிறிதாகத் தேர்ந்தெடுங்கள்; விசிறியைப் பெரிதாக்கி மெதுவாகச் சுழலவிடுங்கள்; படகின் அடியில் பற்றும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. கலங்களும் எஞ்சின்களும் சிதறின. மீண்டும் எழுந்தபோது, கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்தன. அவற்றின் பின்புறத்தில், நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் சிறு டீசல் எஞ்சினை இன்று கரையெங்கும் காணலாம். கரை வந்ததும் தண்டைத் தூக்கிவிடுகிறார்கள். இது மீனவர்களே தம் அனுபவத்தால் ஏற்றுக்கொண்ட தீர்வு.

மல்லிப்பட்டினத் துறையில் முதிய படகுக்காரர் ஒருவரிடம் நான் இந்தக் கணக்கையெல்லாம் ஒருமுறை விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார் சொல்வது அவ்வளவும் சரிதான். ஆனால் நான் சின்ன எஞ்சின் வைத்து, பக்கத்துப் படகுக்காரர் பெரிய எஞ்சின் வைத்தால், நல்ல இடத்தில் வலை போடுவது அவர்தானே? அவர் இழுத்துப்போன பிறகு அங்கே நான் எதை இழுப்பேன்? எல்லோரும் குறைத்தால் நானும் குறைக்கிறேன்" என்றார். நான் கரும்பலகையில் எழுதும் கணக்கில் ஒரு படகுதான் இருக்கிறது. அவருடைய கடலில் பல நூறு படகுகள் இருக்கின்றன. ஒருவர் ஏற்றினால் மற்றவரும் ஏற்ற வேண்டியதாகிறது. எல்லோரும் ஏற்றிய பிறகு, யாரும் யாரையும் முந்துவதில்லை. ஆனால் எண்ணெய்ச் செலவும் கடனும் மட்டும் முந்தைய இடத்துக்குத் திரும்புவதில்லை. இடையில் மீன் குறைகிறது. மீன் குறையக் குறைய இன்னும் தொலைவு போக வேண்டியதாகிறது. தொலைவு போக இன்னும் பெரிய எஞ்சின் வேண்டியதாகிறது. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வரையப்பட்ட கடல் எல்லையைத் தாண்டி, பிடிபட்டு, படகை இழந்து துன்பப்படும் குடும்பங்களின் கதைக்குப் பின்னணியில் இந்தச் சுழலும் ஒரு காரணமாக நிற்கிறது.

இதனால்தான் குதிரைத்திறன் தனிமனிதர் ஒருவரின் தேர்வாக மட்டும் இருக்க முடியாது. ஊரும் அரசும் சேர்ந்து வகுக்க வேண்டிய எல்லையாகவும் ஆகிறது. எழுபதுகளில் விசைப்படகினருக்கும் கட்டுமரத்தினருக்கும் இடையே மோதல்கள் மூண்டன. அதன் விளைவாக 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள நீர் பாரம்பரிய மீனவர்க்கென்று ஒதுக்கப்பட்டது. விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்குப் பிறகு புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 2001 முதல் ஆண்டுதோறும் மீன் பெருகும் காலத்தில் மீன்பிடித் தடை வந்தது. முதலில் நாற்பத்தைந்து நாள், 2017 முதல் அறுபத்தொரு நாள். 2020-ஆம் ஆண்டின் விதிகள் எஞ்சினுக்கே 240 குதிரைத்திறன் என்னும் மேல் எல்லையை வகுத்தன. அதற்கு மேற்பட்ட அதிவேக எஞ்சின்களைக் குறித்து நம் கரையில் பூசல்கள் எழுந்ததும் உண்டு. எல்லையை எழுதுவது எளிது. துறையில் நின்று அளப்பது கடினம். ஆயினும், எல்லோரும் குறைத்தால் நானும் குறைக்கிறேன் என்று அந்த முதியவர் சொன்னாரே, அந்த 'எல்லோரும்' என்ற சொல்லுக்கு உருவம் கொடுக்க ஒரு பொது விதியாலன்றி வேறெதனாலும் இயலாது.

எழுபது ஆண்டுக் கதையைத் திரும்பிப் பார்க்கும்போது, எஞ்சின் தோளுக்கு ஓய்வு தந்தது, காற்றுக்குக் காத்திருந்த கலத்துக்கு விடுதலை தந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. முதல் பத்துக் குதிரைத்திறன் மீனவருக்குத் தந்த நன்மையை அதற்குப்பின் வந்த எந்தப் பத்தும் தரவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. கன விதியே அதைச் சொல்கிறது. மீனவரின் கடன் கணக்கும் அதைச் சொல்கிறது.

மாணவர்களுக்கு நான் வேண்டுவது இதுதான். நெற்களஞ்சியத்தில் பிறந்த நீங்கள் ஒரு நாள் கிழக்கே சென்று நாகைத் துறையையோ மல்லிப்பட்டினத் துறையையோ பாருங்கள். படகின் நீளத்தைக் கேட்டு அதன் எல்லை வேகத்தை நீங்களே கணக்கிடுங்கள். எஞ்சினின் தகட்டைப் படியுங்கள். பிறகு படகுக்காரரிடம், அந்த எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று மரியாதையோடு கேளுங்கள். உங்கள் கணக்குக்கும் அவருடைய விடைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கும் வேலை உங்கள் தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.